பஞ்சாலை பெயரில் ஓர் உபகாரச் சம்பளம்

எங்கள் தோட்டத்தில் பஞ்சாலை அத்தையின் மடியில் கிடக்காத பிள்ளை கிடையாது. ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் அவர். ரப்பர் மரம் சீவப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்பே கைக்குழந்தைகளைத் துணியோடு சுருட்டி எடுத்துவந்து அவரிடம் விட்டுவிட்டுப் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடுவார்கள். பதினாறு வயதில் அந்தக் கொட்டகைக்குத் தொட்டில் ஆட்ட வந்தவர். அவர் முதலில் ஆட்டிய தொட்டில்களில் ஒன்றில் என் அண்ணன் சந்திரன் கிடந்தான். ஏழு வருஷம் கழித்து நான் கிடந்தேன்.

அந்த அண்ணன்தான் பின்னால் அவரைச் சுட்டான். கடைசியில் சொல்வதற்காக இதை ஒளித்துவைக்க எனக்கு மனம் இல்லை. அது எப்படி நடந்தது, அதற்குப் பிறகு அவர் பெயரில் படிப்புக்கான உபகாரச் சம்பளம் எப்படி வந்தது, அதை நான் எப்படி வாங்கினேன் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் நீலாவதியாகிய நான் எழுதுகிறேன்.

தோட்டம் மலாயாவில் லிங்கிப் பக்கம். டவுனுக்கு மூன்று கட்டை தூரம். மைலைக் கட்டை என்றுதான் நாங்கள் சொல்வோம். அத்தையின் புருஷனை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. தங்கை மாரியம்மாவோடு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். மாரியம்மா மரம் சீவுகிறவர், அதிகம் பேசமாட்டார். அத்தை அதற்கு நேர்மாறு. யாருக்குப் பிரசவ வலி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரியில் கூடவே ஏறிக்கொள்வார். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்தான். எழுத்துக்கூட்டி எழுதும்போது நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப்பார்க்கும். பிழை இருந்தால் கேலி செய்யாமல் சொல்லு என்று என்னிடம் காட்டுவார். நான் சொன்னதில்லை.

தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்புவரைதான். மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும். ஆண்பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். பெண்பிள்ளைகள் நாலாம் வகுப்போடு நின்று, தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு, வயது வந்ததும் பால் வாளியைத் தூக்கினார்கள். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் கொண்டுவந்த பிறகு கேட்கவே வேண்டாம். ரோட்டில் லாரியைக் கொளுத்துகிறார்கள், காட்டுக்குள்ளிருந்து சுடுகிறார்கள் என்று நாளுக்கொரு செய்தி. வளர்ந்த ஆண்களே தனியாக ரோட்டில் நடக்கத் தயங்கிய காலம் அது.

ஐம்பத்தொன்றாம் வருஷத் தொடக்கத்தில் அத்தை டவுன் பள்ளிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். பிற்பகல் வகுப்பில் இடம் இருந்தது. பெண்பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பேசினார். எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தார். என் அப்பா ராமசாமி ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வேலையில் இருந்தார். நல்லவர், ஆனால் பயந்தவர். ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று மூன்று முறையும் அதையே கேட்டார். மூன்றாம் முறை அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணே, நானே கூட்டிட்டு வாரேன். ஆறு புள்ளைங்கள்ல ஒருத்தி கொறஞ்சாலும் எங்கிட்ட கேளுங்க” என்றார்.

அப்பா அதற்கு மேல் மறுக்கவில்லை.

அப்படி ஆறு பேர் கிளம்பினோம். எனக்குப் பன்னிரண்டு வயது, நான்தான் பெரியவள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் லெட்சுமி. மற்ற நால்வரும் எங்களைவிடச் சிறியவர்கள். அத்தை காலையிலிருந்து குழந்தைகளைப் பார்த்துவிட்டு, பதினொன்றரைக்கெல்லாம் இன்னொரு ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். ஒரு மணிநேர நடை. வகுப்பு நாலரைக்கு முடியும். ஐந்தரைக்குள் தோட்டத்துக் கேட்டுக்குத் திரும்பிவிடுவோம். ஆறு மணிக்கு ஊரடங்கு, கேட்டை மூடிவிடுவார்கள். நடக்கும்போது அன்று படித்ததை ஒவ்வொருத்தியும் அவருக்குச் சொல்ல வேண்டும். பூகோளம் அவருக்கு மிகவும் பிடிக்கும். நைல் நதி எங்கே போய் விழுகிறது என்று அடிக்கடி கேட்பார். நாங்கள் சொன்ன பிறகு, “அவ்ளோ தூரமா” என்று ஒவ்வொரு முறையும் அதே வியப்போடு சொல்வார்.

அந்த வருஷம் பாதியில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்பதற்காக, கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக்கூடாது என்று சட்டம் வந்தது. மரம் சீவுகிறவர்கள் பச்சைத் தண்ணீரோடு வேலைக்குப் போனார்கள். எங்கள் தூக்குச்சட்டிகளும் நின்றுபோயின. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்புகிற நாங்கள் சாயங்காலம்வரை பட்டினி. இரண்டாவது வாரம் லெட்சுமி வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள்.

எங்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று அத்தை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி விசுவநாதன் மூலம் தோட்டத்துத் துரையிடம் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. தோட்டத்து லாரி டவுனுக்குப் போகும்போது எங்களை ஏற்றிக்கொண்டால் நேரமாவது மிஞ்சும், வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று கேட்டார். அதுவும் முடியாது என்றார்கள். இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார்.

பிறகு ஒருநாள், பள்ளிக்குப் போகும் வழியில் எங்களை ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். அந்த வீட்டு மெய்யம்மை ஆச்சி அங்கே ஆறு இலை போட்டு வைத்திருந்தார். சோறு, பருப்பு, ஒரு பொரியல். அன்றிலிருந்து பள்ளி நாளெல்லாம் அங்கேதான் சாப்பிட்டோம். அத்தை எங்களோடு உட்காரமாட்டார். நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். ஆச்சி புண்ணியவதி, ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இதற்கிடையில் அண்ணன் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்திருந்தான். தோட்டத்தைக் காவல் காக்கத் தோட்டத்துப் பையன்களையே எடுத்தார்கள். பத்தொன்பது வயது. காக்கி உடுப்பு பெரிதாக இருந்தது, அம்மா தைத்துச் சிறிதாக்கினாள். முதல்நாள் துப்பாக்கியோடு கேட்டில் நின்றவனைப் பார்த்து அத்தை, “தொப்பிய நேரா வைடா” என்று சொல்லிச் சரிசெய்துவிட்டுப் போனார். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு வேலிக்கு வெளியிலிருந்து யாரோ சுட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் காவலுக்கு நின்றவர்கள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. செவ்வாயன்று பள்ளி விட்டு நாங்கள் ஒன்றரைக் கட்டை நடந்திருப்போம். பாலத்தருகே ராணுவ லாரிகள் நின்றன. மேலே எங்கோ தேடுதல் நடக்கிறது என்று எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். அத்தை தம் அடையாளக் கார்டைக் காட்டினார், எங்கள் புத்தகப் பைகளைத் திறந்து காட்டினார், மலாயில் கெஞ்சினார். ஒன்றரை மணிநேரம் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. எங்களைப் போகச் சொன்னபோது ஆறு மணி தாண்டிவிட்டது.

டவுனுக்குத் திரும்பவும் முடியாது, அங்கேயும் ஊரடங்கு. அத்தை எங்களை முன்னால் விட்டு வேகமாக நடத்தினார். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், மழை, அதனால் இருட்டு சீக்கிரமே இறங்கிவிட்டது. காவல் கொட்டகையின் விளக்கு தெரிந்ததும் லெட்சுமி ஓடப் பார்த்தாள். அத்தை அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். ரோட்டோரம் ஒரு மண்மேடு இருந்தது. எங்கள் ஆறு பேரையும் அதன் பின்னால் குனிந்து உட்காரச் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“நீ பெரியவ. நான் போயிச் சொல்லிட்டு வாரேன். நான் கூப்பிட்டாத்தான் எந்திரிக்கணும். யாரையும் எந்திரிக்க வுடாத.”

நான் போகாதீங்க என்றேன். அவர் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தபடியே, “கேட்ல நம்ம சந்திரன்தான் இருப்பான் இன்னிக்கி. பயமில்ல” என்றார்.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரோட்டின் நடுவில் நடந்தார். “நான் பஞ்சாலை, நான் பஞ்சாலை” என்று அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது. கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை அதன் மேல் அடிக்கிற சத்தத்தில் உள்ளே இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்று பின்னால் சொன்னார்கள். அண்ணன் நிற்கச் சொல்லி இரண்டு முறை கத்தினானாம். அது அத்தைக்குக் கேட்டிருக்காது. இருட்டில் கையைத் தூக்கிக்கொண்டு வருகிற உருவம் மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரே ஒரு வெடிச்சத்தம்.

நான் லெட்சுமியின் வாயைப் பொத்தினேன். மற்றவர்களை முழங்காலால் அழுத்திக்கொண்டேன். அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அண்ணனின் குரல் கேட்டது. வார்த்தை எதுவும் இல்லை, வெறும் குரல். அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. பிறகு வேறு ஆட்கள் ஓடிவருகிற சத்தம்.

தோட்டத்து லாரியில் ஏற்றும்போது அத்தைக்கு நினைவு இருந்தது. “புள்ளைங்க மேட்டுக்குப் பின்னால இருக்காங்க. ஆறு பேரு. எண்ணிப் பாத்துக் கூட்டியாங்க” என்றார். சொன்னது அண்ணனிடமா, பக்கத்தில் நின்ற, வேலை வாங்கும் மண்டோரிடமா தெரியாது. அப்பாதான் விளக்கோடு வந்து எங்களை எழுப்பினார். ஆறு பேரும் வீடு வந்து சேர்ந்தோம். அத்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். முப்பத்தாறு வயது.

மறுநாள் பிற்பகல் எடுத்தார்கள். பாடையைத் தூக்க அண்ணன் வந்தான். மாரியம்மா அவன் முன்னால் வந்து நின்று, “நீ தொடாத” என்றார். அவ்வளவுதான். அவன் விலகிப்போய் முள்வேலியோரம் நின்றான். எல்லாரும் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

விசாரணையில் அவன்மேல் தவறில்லை என்று முடிந்தது. ஒரு மாதத்தில் அவன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புல் வெட்டுகிற கும்பலில் சேர்ந்துகொண்டான். வீட்டில் யாரோடும் பேசமாட்டான். அம்மா சோறு வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மெய்யம்மை ஆச்சி டவுனிலிருந்து வந்தார். நாங்கள் ஆறு பேரும் போய் அவர் காலில் விழுந்தோம், இவ்வளவு நாள் எங்களுக்குச் சோறு போட்டதற்கு. ஆச்சி கூச்சப்பட்டுப்போனார்.

“நான் என்ன போட்டேன்? அவ சும்மா வாங்கமாட்டேன்னுட்டா. தெனமும் நீங்க வகுப்புல இருக்கற நேரம் என் வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்ச்சு, மாவாட்டி, துணி தொவைச்சுக் குடுத்தா. அதுக்குக் கூலிதான் அந்த ஆறு எலை. ஏழாவது எலை போடறேன்னு எத்தனையோ தடவ சொன்னேன். ஆறுதானே ஆச்சி பேச்சு, அப்படிம்பா” என்றார்.

அப்பொழுதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாரியம்மாவுக்கும் அப்பொழுதுதான் தெரிந்தது. அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். காலையில் குடித்த கோப்பியோடு சாயங்காலம்வரை ஒன்றரை வருஷம் அத்தை நடந்திருக்கிறார். நாங்கள் நைல் நதியைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டே வந்திருக்கிறோம். லெட்சுமி அன்று அழுதது போல் அவள் தாய் இறந்தபோதுகூட அழவில்லை.

ஜனவரியில் துரை தோட்டத்து லாரியில் எங்களைப் பள்ளிக்கு அனுப்ப உத்தரவிட்டார். அத்தை மூன்று முறை கேட்டுக் கிடைக்காத லாரி. ஏறமாட்டேன் என்று நான் முதல்நாள் நின்றேன். லெட்சுமிதான் இழுத்து ஏற்றினாள்.

உபகாரச் சம்பளம் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் ஆச்சி. அவளுக்குக் கல்லறை கட்டுவதைவிட, அவள் பெயரில் வருஷத்துக்கு ஒரு பெண்ணைச் சிரம்பானில் விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைக்கலாம் என்றார். கிராணி கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். லயத்தில் எல்லா வீடும் பணம் போட்டுச் சேர்ந்தது. அதற்கென்று வைக்கிற தேர்வில் முதலாக வருகிற பெண்ணுக்கு என்று முடிவாயிற்று. யாருக்கு என்று முடிவு சொல்கிறவர்களாக ஆச்சி, கிராணி, மாரியம்மா மூவரும் இருந்தார்கள்.

ஐம்பத்துமூன்றாம் வருஷக் கடைசியில் அந்தத் தேர்வு வந்தது. கேள்விகளைப் பார்த்ததும், தெரியாதவள் போல் எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். சந்திரன் தங்கச்சி பஞ்சாலை பெயரில் படிப்பதா என்று லயத்தில் பேசிக்கொண்டது என் காதில் விழாமல் இல்லை. ஆனால் கேட்டிருந்ததெல்லாம் அத்தைக்கு ஒப்பித்த பாடங்கள்தான். கை எழுதிக்கொண்டே போயிற்று. நான்தான் முதலாவது.

அப்பா அன்றே கிராணியிடம் போய், வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மாரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை இறந்த பிறகு எங்கள் வாசலை மிதிக்காதவர். அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை. அண்ணன் உள்ளறையில் இருந்தான். அங்கே இருக்கிறான் என்று தெரிந்துதான் அவர் பேசினார்.

“அண்ணே, ஒங்க மகன என்னால பாக்க முடியாது. என்னிக்கும் முடியாது. அது வேற. இந்தப் புள்ள ரெண்டு வருசம் எங்கக்கா பின்னாடி நடந்தவ. இவ வீட்டுல ஒக்காரணும்னா எங்கக்கா பட்டினியா நடந்திருக்க வேணாம்.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாரியம்மா என் பக்கம் திரும்பி, துணிமணி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கையில் கொண்டுவந்த ஒரு பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அத்தையின் சேலை ஒன்றைக் கிழித்துத் தைத்த இரண்டு பாவாடைகள் அதில் இருந்தன.

நான் சிரம்பானுக்குப் போவதற்கு முந்தின வாரம் அண்ணன் கெமாசுக்குப் போனான். ரயில் வேலை, தண்டவாளம் பழுது பார்க்கிற கும்பல். நல்லசாமி என்ற தெரிந்த ஆள் ஒருவர் சேர்த்துவிட்டதாகச் சொன்னான். அம்மா அழுதாள். அவன் போன பிறகு வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு என்னைப் பார்க்க வந்தான். கறுத்து, இளைத்து, முப்பது வயது ஆள் போல் இருந்தான். ரொட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி வந்திருந்தான். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என் படிப்பைப் பற்றிக் கேட்டான். மூன்று மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று எழுந்தவன், மறுபடி உட்கார்ந்தான்.

“நீலா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி அத்தை ஒங்கள ஒக்காத்தி வெச்சிட்டுப் போறப்ப... நான் கேட்ல இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியுமா? எதாச்சும் சொன்னாங்களா?”

என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“இல்லண்ணே. ஒண்ணுமே சொல்லல. எந்திரிக்காதீங்கன்னு மட்டும் சொன்னாங்க.”

“என் பேரு?”

“சொல்லல.”

எழுந்தான். பிறகு என் தலையைத் தொட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனான். நான் சொன்னதை நம்பினானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவன் அதைக் கேட்கவில்லை.

நான் படித்து ஆசிரியை ஆனேன். எனக்கடுத்த வருஷம் லெட்சுமிக்குக் கிடைத்தது; அவள் ஆஸ்பத்திரித் தாதி ஆனாள். ஐம்பத்துநான்கிலிருந்து அறுபத்தாறுவரை பதின்மூன்று பெண்கள் பஞ்சாலை அத்தையின் பெயரில் படித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனோம். உபகாரச் சம்பளமும் நின்றது. ஆச்சி அதற்கு முன்பே இந்தியாவுக்கு, தம் ஊருக்கே, போய்விட்டிருந்தார். மாரியம்மாவை நான் சிரம்பான் பக்கம் பாரோயில் இருந்த என் வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டேன்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபத்தொன்றில் கெமாசில் ரயில் குவார்ட்டர்சில் இறந்தான். மாரடைப்பு என்றார்கள். போய்க் காரியத்தை முடித்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். மாரியம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கே போனேன் என்று அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அவன் பெயரை அவர் சொன்னதில்லை, நானும் அவர் முன்னால் சொன்னதில்லை.

“கூட யாரு இருந்தா?” என்று கேட்டார்.

கடைசி நேரத்தில் யாரும் இல்லை, காலையில் வேலைக்கு வராததால் போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்றேன்.

கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். “பாவம்” என்றார். பிறகு எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்க எழுந்தார்.